பத்மினியில் கொடைக்கானல் போகலாமா?

கொடைக்கானல் போகிறவர்களில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. வேகவைத்த சோளக்கருது, மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய், பறித்துக்கொண்டு ஓடக் காத்திருக்கும் குரங்குகள், செல்ஃபி எடுக்கும் குடும்பங்கள் என்று அந்த வளைவில் எப்போதும் திருவிழாக் கூட்டம்தான். அங்கே ஒரு பழைய பிரீமியர் பத்மினி மெதுவாக வந்து ஓரம் கட்டினால் போதும். பாதிப் பேர் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காரைப் படம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். 'எங்க தாத்தா இதுதான் வச்சிருந்தாரு' என்பார் ஒருவர். 'இப்ப வாங்கணும்னா எவ்வளவு ஆகும்?' என்று மெல்லக் கேட்பார் இன்னொருவர்.

கிளாசிக் கார் ஆசை பலருக்கும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ரோல்ஸ் ராய்ஸ், செவர்லே எல்லாம் அரண்மனைக்காரர்களின் விஷயம். மாதச் சம்பளக்காரர் ஒருவர், கடனில் மூழ்காமல், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஓட்டிப் பார்க்க ஒரு பழைய கார் வாங்க முடியுமா? வாங்கினால் எதை வாங்குவது?

வத்தலக்குண்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இந்த ஆசை உள்ளவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். வேலை கோயம்புத்தூரில். வாரக் கடைசியில் ஊர். அப்பா ஒரு காலத்தில் கோடை ரோடு ரயில் நிலையத்தில் டாக்ஸி ஓட்டியவர். ரயிலில் வந்து இறங்குபவர்களை ஏற்றிக்கொண்டு, 80 கிலோமீட்டர் மலைக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்புவது அவருடைய தினசரி வேலை. இப்போது முழங்கால் வலியோடு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை ஒரு பழைய காரில், பழைய பாதையில், ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். மகனின் ஆசை அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி: "அந்த வண்டியில மலை ஏறி எறங்க முடியுமாப்பா?"

கார் வாங்குவதற்கு முன்பு கேட்க வேண்டிய சரியான கேள்வி அதுதான்.

நாலு வண்டி, ஒரு தேர்வு

கட்டுப்படியாகும் விலையில் ஒரு கிளாசிக் என்று தேடினால் நம் ஊரில் முக்கியமாக நாலு வண்டிகள் கண்ணில் படும்.

முதலாவது அம்பாசடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களின் கடைசியில் தயாராகத் தொடங்கிய வண்டி. 2014 மே மாதம் தயாரிப்பு நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியதால் உதிரி பாகங்களுக்குப் பெரிய பஞ்சமில்லை. மந்திரி முதல் மாப்பிள்ளை வரை எல்லோரையும் சுமந்த கார். கனமான உடம்பு, கனமான ஸ்டீயரிங். வளைவுக்கு வளைவு வளைத்துத் திருப்ப, தோளில் கொஞ்சம் பலம் வேண்டும்.

இரண்டாவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இது நம்ம சென்னைக்காரர். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-லிருந்து இங்கேயே தயாரித்த கார். பானெட்டும் இரண்டு மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்பக்கம் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். மிகச் சிறிய வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால் கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால், தயாரிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஒரு சின்ன பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை இருப்பவர்களுக்கே அது சரிப்படும். இரண்டாவது கிளாசிக்காக வாங்கலாம், முதலாவதாக வேண்டாம்.

மூன்றாவது மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் காரின் சாவி கொடுக்கப்பட்டது. அந்த முதல் சில வருட மாடல்கள் இப்போது நாற்பது வயதைத் தொட்டுவிட்டன. 'இதெல்லாம் கிளாசிக்கா?' என்று சிரிப்பவர்கள் இன்னும் பத்து வருடம் கழித்துத் தேடுவார்கள். பிரச்னை, அந்த முதல் மாடல் கெடாமல் கிடைப்பது அபூர்வம். பின்னால் வந்த மாடல்கள் தாராளமாகக் கிடைக்கும்.

நான்காவதாக, பழனி மலையில் எங்கு திரும்பினாலும் தெரியும் ஜீப். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மன்னவனூர் பக்கம் போனால் காப்பி மூட்டையும் கேரட் மூட்டையும் தோட்ட வேலைக்கு ஆட்களும் ஜீப்பில்தான் போகிறார்கள். 1947-லிருந்து மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தத் தொடங்கிய கதையின் வாரிசுகள் அவை. மலைக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. எந்த மலைக் கிராமத்திலும் அதற்கு மெக்கானிக் உண்டு. ஆனால், பழைய ஜீப்பில் இன்ஜின் ஒரு வண்டியுடையது, சேசிஸ் இன்னொரு வண்டியுடையது, ஆர்.சி. புக் மூன்றாவது வண்டியுடையது என்ற கதை சர்வ சாதாரணம். காகிதத்தைப் பார்க்கத் தெரியாத புதியவர் மாட்டிக்கொள்வார். தவிர, முழங்கால் வலிக்கும் அப்பாவை ஜீப்பின் படியில் ஏற்றுவது எப்படி?

எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதல் கிளாசிக்குக்கு ஏற்றதாக நிற்பது பத்மினி.

பத்மினி என்ற பெயர் வந்த கதை

பெயரைக் கேட்டதும் நாட்டியப் பேரொளியை நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால், கார் கம்பெனி நினைத்தது சித்தூர் ராணி பத்மினியை.

வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு சேர்ந்து மும்பை குர்லாவில் கார் தயாரித்தது. 1964-ல் 'ஃபியட் 1100 டிலைட்' வந்தது. 1970-களின் தொடக்கத்தில் அதே வண்டிக்கு 'பிரீமியர் பிரசிடென்ட்' என்று பெயர் மாறியது. 1974-ல் 'பிரீமியர் பத்மினி' ஆனது. பெயர் என்ன மாறினாலும் ஜனங்களுக்கு அது கடைசிவரை 'ஃபியட்' தான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் தயாரிப்பு ஓய்ந்தது.

இதன் பழைய மாடல் ஒன்றுக்கு ஒரு பெரிய மனிதரின் கதை உண்டு. பிரதமராக இருந்த லால் பகதூர் சாஸ்திரிக்குச் சொந்தமாக கார் இல்லை. வீட்டில் ஆசைப்பட்டார்கள். அப்போது ஃபியட்டின் விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது 7,000. மீதி 5,000 ரூபாயை பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாக வாங்கினார். கடன் தீரும் முன்பே, 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் காலமாகிவிட்டார். மனைவி லலிதா சாஸ்திரி தன் ஓய்வூதியத்திலிருந்து அந்தக் கடனைக் கட்டி முடித்தார். அந்த கார் இன்றும் டெல்லியில் சாஸ்திரி நினைவகத்தில் நிற்கிறது. நடுத்தரக் குடும்பத்தின் கார் என்று ஃபியட்டைச் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

புதியவருக்குப் பத்மினி ஏன் சரி? இன்ஜின் 1089 சிசி. சுமார் 40 குதிரைத்திறன். வண்டியின் எடை 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஒரு ஸ்பானர் செட், ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பொறுமை இருந்தால் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே கற்றுக்கொள்ளலாம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் 'ஹேண்ட் கியர்' பழக ஒரு வாரம் ஆகும். பழகிவிட்டால், காலை நேர ஃபில்டர் காபி மாதிரி, விட மனம் வராது.

இன்னொரு காரணம் மும்பை. அங்கே பல்லாயிரக்கணக்கான பத்மினிகள் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடின. டாக்ஸியாக ஓடிய வண்டிக்குத்தான் உதிரி பாகம் எங்கும் கிடைக்கும், மெக்கானிக்குகளுக்கும் கை பழகியிருக்கும். அந்த டாக்ஸிகளின் கடைசி நாள் 2023 அக்டோபர் 29. டாக்ஸிக்கான 20 வருட வயது வரம்பு முடிந்து, அன்றோடு அவை சாலையிலிருந்து விடைபெற்றன. எனவே தேவையான பாகங்களை இப்போதே இரண்டு செட் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று தேடிப் போக இடங்களும் உண்டு.

இவ்வளவும் சொன்னாலும், வாங்குவதற்கு முன்பு முதலில் தேட வேண்டியது காரை அல்ல, மெக்கானிக்கை. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிய கை, பிளாட்டினம் பாயின்ட்டுக்கு இடைவெளி வைக்கத் தெரிந்த கை, நாற்பது கிலோமீட்டருக்குள் ஒன்று இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெரிய சர்வீஸ் சென்டரில் இருக்க மாட்டார்கள்; வேப்ப மரத்தடியில், தகரக் கொட்டகையில் இருப்பார்கள். அவர் 'ஃபியட்டா, கொண்டு வாங்க' என்று சொன்ன பிறகு காரைத் தேடினால் போதும். அவருக்கு அம்பாசடர்தான் கை பழக்கம் என்றால், அம்பாசடரையே வாங்கிவிடலாம். தவறில்லை.

காந்தம், கடிதம், கையிருப்பு

வத்தலக்குண்டு இளைஞர் ஒரு பத்மினியைப் பார்க்கப் போகிறார். பளபளவென்று புது பெயின்ட். சீட்டுக்குப் புது கவர். உள்ளே ஊதுபத்தி வாசனை. மனசு விழுந்துவிடும். விழக் கூடாது.

சட்டைப் பையில் ஒரு சிறிய காந்தம் இருந்தால் போதும். பெயின்ட் கீறாமல் இருக்க மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பகுதி, மட்கார்டு ஓரம், படிக்குக் கீழே என்று வைத்துப் பார்க்க வேண்டும். தகரம் இருந்தால் ஒட்டும். துருவை மறைத்து 'பட்டி' பூசியிருந்தால் ஒட்டாமல் வழுக்கும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதற்கு ஆகும் செலவை முன்கூட்டியே ஓரளவு கணக்கிடலாம். துருப்பிடித்த உடம்புக்கு டிங்கரிங் செலவைக் கணக்கிடவே முடியாது. பிரிக்கப் பிரிக்க ஓட்டை பெரிதாகும். எனவே பெயின்ட் மங்கிய, துருவில்லாத வண்டி, பளபளக்கும் பட்டி வண்டியைவிட மேல். மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டையும், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

அடுத்தது ஆர்.சி. புக். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புத்தகத்தில் இருப்பதும் வண்டியில் குத்தியிருப்பதும் ஓர் எழுத்து பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். புத்தகத்தில் பெயர் உள்ளவர் உயிரோடு இல்லையென்றால் வாரிசுகளின் கையெழுத்து வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் எண் படிவங்கள். வெளி மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, அதற்கு 28-ஆம் எண் படிவம். 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்' என்று சொல்பவரிடம், பணத்தையும் அப்புறம் தருவதாகச் சொல்லிவிடலாம்.

சொந்த கார்களுக்கு 15 வருடம் முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. டெல்லியில் இருப்பதுபோல 15 வருட பெட்ரோல் கார் ஓடக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், புதுப்பிக்கும் கட்டணம் ஏறிக்கொண்டே வருகிறது. 2022 ஏப்ரலில் கார்களுக்கு 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 10,000 ரூபாய். பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தனி. பதிவு காலாவதியான வண்டி பாதி விலைக்கு வருகிறதென்றால், அந்த மீதிப் பாதி எங்கே போகப் போகிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

'விண்டேஜ்' பதிவு என்று ஒன்றும் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி. 50 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கேட்கக் கௌரவமாக இருக்கும். ஆனால், அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று சில காரியங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். அப்பாவோடு மலைக்குப் போக நினைப்பவருக்கு வழக்கமான பதிவே பொருத்தம்.

பணம்? சுமாரான நிலையில் ஓடும் பத்மினி ஒரு புதிய புல்லட்டின் விலையை ஒட்டிய தொகைக்குக் கிடைப்பதுண்டு. நன்றாகப் பராமரித்தது அதற்கு மேலே போகும். எந்த விலைக்கு வாங்கினாலும் அதே அளவு தொகையைத் தனியாக எடுத்துவைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முதல் வருடம் அது செலவாகும். முடியாதென்றால் இன்னும் ஒரு வருடம் சேமிக்கலாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் கோவை அவிநாசி சாலையில், ஜி.டி.நாயுடு குடும்பத்தார் அமைத்திருக்கும் கார் மியூசியத்துக்குப் போய்ப் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம்.

ஏறும்போது

வண்டி வாங்கியாகிவிட்டது. எலுமிச்சம்பழம் நசுக்கி, பழநி அடிவாரத்தில் பூஜையும் போட்டாகிவிட்டது. உடனே மலையா? கூடாது. முதல் மூன்று மாதம் சமவெளிதான். வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, பெரியகுளம் என்று சுற்றி, வண்டியின் முனகல் ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்த பிறகே காமக்காபட்டி செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும்.

இந்தப் பாதைக்கே ஒரு வயது இருக்கிறது. முன்பெல்லாம் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியில் உட்கார்ந்தோதான் கொடைக்கானலுக்குப் போனார்கள். மேஜர் லா என்ற பொறியாளரின் பெயரால் 'லாஸ் காட்' என்று அழைக்கப்படும் மலைச்சாலை, முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது. இன்று டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை வழியாக நாம் போவது அந்தப் பாதையில்தான். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் 1,800 மீட்டர் ஏற்றம்.

உயரம் போகப் போகக் காற்று மெலியும். கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. புது கார்களில் கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று குறைய, பெட்ரோல் அதிகமாகி, இன்ஜின் கறுப்புப் புகை விட்டு மூச்சு வாங்கும். நாற்பது குதிரையில் ஏழெட்டுக் குதிரை வழியிலேயே இறங்கிக்கொண்டது போலத்தான். எனவே பத்மினியில் ஏறும்போது அவசரம் கூடாது. இரண்டாவது கியரில், ஒரே சீராக. பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டுவிடலாம்.

வெப்பமானி முள் மேலே போனால் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும். அரை மணி நேரம் ஆறவிட்டு, தடிமனான துணியைப் போட்டுத்தான் திறக்க வேண்டும். கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை என்பதால், ரேடியேட்டர் தண்ணீரை ஒரு எவர்சில்வர் தூக்கில் எடுத்துப் போகலாம். கூடவே ஃபேன் பெல்ட் ஒன்று, ஹோஸ் கிளிப் இரண்டு.

சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் திணறி நின்றுவிடும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப் வெறும் காற்றைத் தள்ளும். 'வேப்பர் லாக்' என்பார்கள். பழைய டிரைவர்களின் வைத்தியம், பெட்ரோல் பம்ப் மேலே ஈரத்துணி போட்டுக் கால் மணி நேரம் காத்திருப்பது. இன்றைக்கும் அதுதான் வைத்தியம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலப்பதால், பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் இறுகி வெடிக்கும். பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து. வண்டி வாங்கியதும் முதல் வேலையாக எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களை மாற்றிவிட வேண்டும். மாதக்கணக்கில் டேங்க்கில் பெட்ரோலை வைத்தபடி நிறுத்தவும் கூடாது. எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

புறப்படும் முன்பு இ-பாஸ் எடுத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கிளாசிக் காருக்கு விலக்கு இல்லை.

இறங்கும்போது

அம்மாவின் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஏற முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும், அவமானம் மட்டும்தான். இறங்கும்போது நிற்காவிட்டால்?

ஒரு கணக்கு. பத்மினியும் அதில் நான்கு பேரும் சேர்ந்தால் சுமார் 1,200 கிலோ. இந்த எடை 1,800 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றலை முழுக்க வெப்பமாக்கினால், சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதாவது நான்கு குடம் வெந்நீர். அந்தச் சூட்டில் பெரும்பகுதியை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். நியூட்ரலில் இறங்கினால், ஏறக்குறைய மொத்தமும் நான்கு பிரேக் டிரம்களின் தலையில் விழும்.

பத்மினியில் டிரம் பிரேக். மூடிய பாத்திரம் மாதிரி. உள்ளே சூடு ஏறினால் சீக்கிரம் வெளியேறாது. டிரம் சூட்டில் விரியும், பிரேக் ஷூ பிடிமானத்தை இழக்கும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால், அது உறிஞ்சி வைத்திருக்கும் ஈரம் ஆவியாகும். மிதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. பழைய ஃபியட்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்பு என்பதால், ஒரு குழாய் வெடித்தால் மொத்த பிரேக்கும் போய்விடும்.

எனவே மலைக்கு முன்பு இந்த வேலைகள் கட்டாயம்: மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்தின் வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், பிரேக் ஷூ, புதிய பிரேக் ஆயில். பழைய பெயின்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கிங் பிரேக் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா என்று வீட்டுப் பக்கத்து மேட்டிலேயே சோதிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு வருடத்தையும் சொல்லும். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருட டயர் கல் மாதிரி இறுகியிருக்கும். கொடைக்கானல் மழையில் அது பிடிக்காது. பழைய வண்டியில் சீட் பெல்ட் இருக்காது. பொருத்தித் தரச் சொல்ல வேண்டும். 'கிளாசிக் லுக் போயிடும்' என்பவர், பின் சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இறங்கும் விதிகள் பழையவை. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டவே கூடாது. பிரேக்கில் தொடர்ந்து காலை வைத்திருக்காமல், வளைவுக்கு முன்பு அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு முதலில் வழி. கருகிய வாசனை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணி நேரம் டீ குடிக்கலாம். சக்கரத்துக்குக் கல் வைக்க மறக்கக் கூடாது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

வத்தலக்குண்டு இளைஞரின் அப்பா இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவர் இல்லை. மகன் ஓட்ட, முன் சீட்டில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்துக்கொண்டு வருகிறார். வெள்ளி நீர்வீழ்ச்சியில் அம்மாவுக்குச் சோளக்கருது வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. யாரோ நாலு பேர் வண்டியைப் படம் எடுத்தார்கள். அப்பா கதவில் சாய்ந்து போஸ் கொடுத்தார். இப்போது இறக்கம். பெருமாள்மலை தாண்டியதும், "ரெண்டுல போட்டுக்க தம்பி" என்கிறார். ஊத்துக்கு அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. மகன் பிரேக்கை எப்போது தொடுகிறான், எப்போது விடுகிறான் என்று மட்டும் பார்த்துக்கொண்டு வருகிறார்.

காமக்காபட்டி வந்ததும் நிறுத்தச் சொல்கிறார். மெதுவாக இறங்கி, நொண்டி நொண்டி வண்டியைச் சுற்றி வருகிறார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், புறங்கையைக் காட்டிப் பார்க்கிறார். நான்கும் ஒரே மாதிரி சூடாக இருந்தால் நான்கு பிரேக்கும் வேலை செய்கிறது. ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடிக்கிறது. ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தால் அது வேலையே செய்யவில்லை. டாக்ஸி ஓட்டிய காலம் முழுக்க, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அவர் செய்த சோதனை இது.

பின்பக்கம் இடது சக்கரத்தில் கை நிற்கிறது. மறுபடி ஒருமுறை காட்டிப் பார்க்கிறார்.

"இது மட்டும் சில்லுனு இருக்கு. நாளைக்குக் காலையில மெக்கானிக்கிட்ட கொண்டுபோயிடு. அடுத்த தடவை மலைக்குப் போறதுக்குள்ள பாத்திரணும்."

'அடுத்த தடவை' என்று அவரே சொன்னதில் மகனுக்குச் சந்தோஷம். அம்மா மட்டும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப மூணு பிரேக்குலயா எறங்கி வந்தோம்?" என்கிறார்.